ஆஸ்திரேலியாவில் ஊருக்கு ஊர் டிவி சேனல் ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியிலோ மெல்பர்னிலோ சில வருடம் இருந்துவிட்டு வாகா வாகா, டப்போ, பெண்டிகோ, கெய்ன்ஸ் என்று குடிபெயர்கிறவர்கள் எல்லாருக்கும் முதல் வாரத்தில் ஒரே சந்தேகம்தான் வருகிறது. அதே டிவி, அதே ரிமோட், ஆனால் 9ஐ அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. டிவி கெட்டுவிட்டதோ, வீட்டுக்காரர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டாரோ என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் எதுவுமே கெட்டிருக்காது. இந்த நாட்டில் இலவச டிவி இயங்கும் விதமே அப்படி. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை விளக்கமாக இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

7, 9, 10 சேனல்கள் எங்கே போயின?

எங்கேயும் போகவில்லை, எண் மாறியிருக்கிறது. ஏபிசி நாடு முழுக்க 2, எஸ்பிஎஸ் 3. இவை இரண்டும் அரசு நிதியில் நடக்கும் தேசிய ஒளிபரப்புகள் என்பதால் எங்கே போனாலும் அதே இடத்தில் இருக்கும். தனியார் சேனல்கள்தான் மாறும். ரீஜனல் ஊர்களில், அதாவது பெருநகரங்களுக்கு வெளியே, பெரும்பாலும் டென் 5லும், செவன் 6லும், நைன் 8லும் வரும். அவற்றின் துணைச் சேனல்களும் அதேபோல 50கள், 60கள், 80கள் என்று வரிசையாக இருக்கும். எல்லா ஊருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் குடிபோன அன்று டிவியை ஒருமுறை முழுதாக ரீட்யூன் செய்துவிட்டு இந்த எண்களைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ரீட்யூன் செய்யாமல் பழைய ஊரின் சேனல் பட்டியலோடு டிவியை வைத்துக்கொண்டு ஆன்டெனாக்காரருக்குப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எது மெட்ரோ, எது ரீஜனல்? 491 விசாவில் (வெளியூர்களில் குடியேறுவதற்கான தற்காலிக விசா) சொல்லும் ரீஜனலும் இதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை, இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். விசா கணக்கில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர்த்து மற்ற எல்லாமே ரீஜனல், 2019 நவம்பரிலிருந்து அப்படித்தான். டிவி கணக்கில் மெட்ரோ என்பது ஐந்து நகரங்கள்: சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், அடிலெய்ட், பெர்த். அதனால் அடிலெய்டில் இருப்பவர் விசாவுக்கு ரீஜனல், டிவிக்கு மெட்ரோ. கான்பெரா நாட்டின் தலைநகரம், நாடாளுமன்றமே அங்கேதான் இருக்கிறது, ஆனாலும் டிவி உரிமத்தில் அது ரீஜனல்! ஹோபார்ட்டும் டார்வினும்கூட இந்த ஐந்தில் சேராது. நியூகாசில், உலங்காங், கோல்ட் கோஸ்ட், சன்ஷைன் கோஸ்ட் எல்லாம் டிவிக்கு ரீஜனல். உலங்காங் சிட்னியிலிருந்து ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வரும் தூரம்தான், ஆனாலும் அந்த ஊருக்கான உரிமம் கான்பெரா, வாகா வாகா, டப்போ எல்லாம் சேர்ந்த தென் நியூ சவுத் வேல்ஸ் வட்டாரத்தில் வருகிறது. ஜீலாங் மட்டும் மெல்பர்ன் உரிமப் பகுதிக்குள்ளேயே இருப்பதால் அங்கே மெட்ரோ சேனல்கள்.

இப்படி ஏன் பிரித்தார்கள்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சிட்னியில் டிவி ஒளிபரப்பு 1956 செப்டம்பரில் தொடங்கியது. வெளியூர்களுக்கு அது வந்தது 1961 கடைசியில்தான், விக்டோரியாவில் கிப்ஸ்லாந்து முதலில், அடுத்த இரண்டு வாரத்தில் பெண்டிகோ. அரசாங்கம் அப்போது என்ன செய்தது என்றால், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரே ஒரு தனியார் நிலையத்துக்கு உரிமம் கொடுத்து, கூட ஏபிசியையும் வைத்தது. சின்ன ஊரில் விளம்பர வருமானம் குறைவு, இரண்டு மூன்று நிலையங்கள் போட்டி போட்டால் எதுவும் தேறாது என்பதுதான் கணக்கு. சிட்னிவாசிகள் மூன்று தனியார் சேனல் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் வாகா வாகாவில் இருந்தது ஒன்று. இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் இப்படியே ஓடியது.

1989 மார்ச் 31 அன்று தென் நியூ சவுத் வேல்ஸில் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களை ஒன்றாகச் சேர்த்து, முன்பு ஆளுக்கொரு ஊரை வைத்திருந்த நிலையங்கள் மூன்றும் அந்தப் பெரிய வட்டாரம் முழுவதும் ஒளிபரப்பலாம் என்று மாற்றினார்கள். 1990 கடைசியில் குயின்ஸ்லாந்து, 1991 கடைசியில் வட நியூ சவுத் வேல்ஸ், 1992 தொடக்கத்தில் விக்டோரியா என்று அது பரவியது. அப்போது ஒவ்வொரு ரீஜனல் கம்பெனியும் ஒரு நகர நெட்வொர்க்கோடு ஒப்பந்தம் போட்டு, அதன் நிகழ்ச்சிகளை வாங்கித் தன் விளம்பரத்தையும் உள்ளூர்ச் செய்தியையும் செருகி ஒளிபரப்ப ஆரம்பித்தது. இன்றைக்கு உங்கள் டிவியில் என்ன வருகிறது, என்ன வரவில்லை என்பதெல்லாம் அன்று போட்ட எல்லைக்கோட்டின் மேல்தான் நிற்கிறது. சேர்க்காமல் விட்ட வட்டாரங்களும் உண்டு. மில்டூரா, மவுண்ட் கேம்பியர், ரிவர்லாந்து, கிரிஃபித் போன்றவை. அவற்றின் கதை கீழே வருகிறது, கொஞ்சம் வருத்தமான கதை.

வின் என்பது நைனா, டென்னா? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் ஒரு காலத்தில் உண்மை. வின் என்பது உலங்காங்கில் 1962ல் தொடங்கிய ரீஜனல் கம்பெனி, நீண்ட காலம் நைனின் கூட்டாளி. 2016 ஜனவரியில் நைன் தன் சேனல்களை 9நவ் என்ற பெயரில் இணையத்தில் நேரலையாகக் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் வட்டாரத்தில் உன் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் உரிமையை எங்களுக்கு விற்றுவிட்டு, அதே வட்டாரத்து மக்களுக்கு நீயே இணையத்தில் கொடுப்பது எப்படிச் சரி என்று வின் நீதிமன்றம் போனது. தோற்றது. 2016 ஜூலை 1 முதல் குயின்ஸ்லாந்து, தென் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ரீஜனல் பகுதிகளில் எல்லாம் தலைகீழாக மாறியது: வின் டென்னோடு போனது, அதுவரை டென்னோடு இருந்த சதர்ன் கிராஸ் என்ற இன்னொரு ரீஜனல் கம்பெனி நைனோடு போனது. ஐந்து வருடம் கழித்து, 2021 ஜூலை 1 அன்று, மறுபடியும் பழையபடி. வின் திரும்ப நைன், சதர்ன் கிராஸ் திரும்ப டென்.

பார்க்கிறவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. வயதானவர்கள் ஆறு மணிச் செய்தியைத் தேடி ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். விளம்பர வருமானத்தில் பாதியளவுக்கு நகர நெட்வொர்க்குக்குக் கட்டும் ஒப்பந்தங்கள் இவை, பேரம் முறிந்தால் ஒரே இரவில் மாநிலக் கணக்கில் சேனல் இடம் மாறிவிடும். நகரத்தில் இருப்பவருக்கு இப்படி ஒரு அனுபவம் கிடையவே கிடையாது.

இப்போது யார் கையில் எது இருக்கிறது?

முன்பு எந்தத் தனியார் நெட்வொர்க்கும் நாட்டின் மக்கள்தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் சென்றடையக் கூடாது என்று சட்டம் இருந்தது. அதனால்தான் நகரக் கம்பெனிகளால் ரீஜனல் கம்பெனிகளை மொத்தமாக விழுங்க முடியவில்லை. 2017ல் அந்தச் சட்டம் போனது. அதற்கப்புறம் நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். 2021 கடைசியில் செவன், தன் ரீஜனல் கூட்டாளியான பிரைம் கம்பெனியை வாங்கியது, பிரைம் என்ற பெயர் திரையிலிருந்து மறைந்தது. 2025ல் சதர்ன் கிராஸ் டிவியிலிருந்து வெளியேறியது. குயின்ஸ்லாந்து, தென் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா உரிமங்களை டென்னே வாங்கிக்கொண்டது, டாஸ்மேனியா, டார்வின், ஸ்பென்சர் வளைகுடா, புரோக்கன் ஹில் போன்றவற்றைச் செவன் வாங்கியது. நியூகாசிலின் என்பிஎன் நிலையம் அதற்கு முன்பே நைன் கைக்குப் போயிருந்தது. பெரிய அளவில் சொந்தக் காலில் மிஞ்சியிருப்பது வின்தான், அப்புறம் மத்திய ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்களுக்குச் சொந்தமான இம்பார்ஜா. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 1988 முதல் ஒளிபரப்பாகும் நிலையம் அது.

சில ஊர்களில் ஒரு சேனலே கிடையாதாமே, உண்மையா?

உண்மை. விக்டோரியாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் மில்டூராவை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டிலேயே முதன்முதலாக அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி முழு டிஜிட்டலுக்கு மாறிய ஊர் அதுதான், 2010 ஜூன் 30 அன்று. அமைச்சர்கள் எல்லாரும் பெருமையாகப் பேசிய ஊர். சரியாகப் பதினான்கு வருடம் கழித்து, 2024 ஜூன் 30 அன்று, அதே மில்டூராவில் டென் சேனலின் தரை ஒளிபரப்பு நின்றுபோனது. அதை அங்கே நடத்திவந்தது வின்னும் செவனும் சேர்ந்த கூட்டு நிறுவனம். போட்டியாளர்களான இரண்டு பேர் மூன்றாவது நெட்வொர்க்குக்காகச் செலவு செய்துகொண்டிருந்த ஏற்பாடு, கட்டுப்படியாகவில்லை என்று மூடிவிட்டார்கள்.

அடுத்த வருடம் இன்னும் மோசம். மவுண்ட் கேம்பியர், ரிவர்லாந்து, கிரிஃபித் பகுதிகளில் செவன் சேனலை ஒளிபரப்பியதும் வின்தான். செவனோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் 2025 ஜூலை 1 அன்று அது நின்றது. ஜூலை என்றால் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து சீசனின் நடுப்பகுதி, அந்த ஆட்டங்களை இலவசமாகக் காட்டுவது செவன். தெற்கு ஆஸ்திரேலியாவின் கிராமப்புறத்தில் அந்த ஆட்டத்துக்கு இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். முக்கிய விளையாட்டுகள் எல்லா மக்களுக்கும் கட்டணமில்லாமல் போய்ச்சேர வேண்டும் என்று சட்டமே போட்டு வைத்திருக்கும் நாடு இது. ஆனால் அந்தச் சட்டம் நிகழ்ச்சியை யார் வாங்கலாம் என்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது, வாங்கியவர் ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துணைச் சேனல்களும் குறைவாக வருகின்றனவே?

முன்பு ரொம்பக் குறைவு, இப்போது பரவாயில்லை. உதாரணமாக செவனின் துணைச் சேனலான 7ஃபிளிக்ஸ் நகரங்களில் 2016ல் தொடங்கியது, பிரைம் வட்டாரங்களுக்கு அது 2022ல்தான் வந்தது, அதுவும் செவன் அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகு. ரீஜனல் கம்பெனிகள் அந்த அலைவரிசை இடத்தை ஷாப்பிங் சேனல்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தன. தலைகீழான உதாரணமும் உண்டு: ஸ்கை நியூஸ் நகரங்களில் கட்டணச் சேனல், ஆனால் ரீஜனல் பகுதிகளில் 2018லிருந்து வின் வழியாகவும், பிறகு 2021 ஆகஸ்டிலிருந்து ஸ்கை நியூஸ் ரீஜனல் என்ற தனிச் சேனலாகவும் இலவசமாக வரத் தொடங்கியது. உள்ளூர்ச் செய்தி குறைந்துகொண்டே போகும் ஊர்களில் கருத்துச் சொல்லும் செய்திச் சேனல் மட்டும் இலவசமாகக் கூடுவது நல்லதா என்று அப்போதே பலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

மெல்பர்னின் சி31, அடிலெய்டின் சேனல் 44 போன்ற சமூகத் தொலைக்காட்சிகள் அந்தந்த நகரத்தோடு சரி, வெளியூரில் ஆன்டெனாவில் கிடைக்காது.

உள்ளூர்ச் செய்தி இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, தேய்ந்துகொண்டே வருகிறது. சட்டப்படி ரீஜனல் நிலையங்கள் தங்கள் பகுதி பற்றிய செய்தி, தகவல்களைக் குறிப்பிட்ட அளவு கொடுத்தே ஆக வேண்டும். ஏசிஎம்ஏ என்ற ஒழுங்குமுறை ஆணையம் அதற்குப் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறது, நிமிடத்துக்கு இத்தனை புள்ளி, ஆறு வாரத்துக்குள் இத்தனை சேர்த்தாக வேண்டும் என்று. ஆனால் ஒரு நிலையம் இரண்டு நிமிடத் துண்டுச் செய்திகளாகப் போட்டும் புள்ளி சேர்க்கலாம், அரைமணி நேர முழுச் செய்தியறிக்கை கொடுத்தும் சேர்க்கலாம். எது செலவு குறைவு என்று சொல்லத் தேவையில்லை. 2019ல் வின் ஆரஞ்ச், டப்போ, ஆல்பரி, வாகா வாகா, வைட் பே ஆகிய இடங்களில் செய்தி அலுவலகங்களை மூடியது. இவையெல்லாம் காட்டுத்தீயும் வெள்ளமும் வறட்சியும் வரும் பகுதிகள். எந்தப் பாலம் மூழ்கியது, எந்தப் பள்ளியில் தங்கலாம் என்பதைச் சிட்னி ஸ்டுடியோவில் இருந்து சொல்ல முடியாது.

ஏபிசியிலும் இதே தேய்மானம் உண்டு. ஏழு மணிச் செய்தி மாநிலத் தலைநகரை ஒட்டியே இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மாநிலத்துக்கு மாநிலம் தனியாக வந்த 7.30 என்ற செய்தி அலசல் நிகழ்ச்சியையும் 2014 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். அவசரக் காலத்தில் கிராமப்புறத்துக்கு இன்றும் கைகொடுப்பது ஏபிசியின் உள்ளூர் வானொலி, அந்த அலைவரிசை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்னியில் பயன்படுத்திய ஆன்டெனாவை இங்கே மாட்டலாமா?

மாட்டாமல் இருப்பது நல்லது. நகரங்களில் முக்கிய டவர்கள் பெரும்பாலும் விஎச்எஃப் அலைவரிசையில் அனுப்புகின்றன, ரீஜனல் ஊர்களில் பெரும்பாலும் யுஎச்எஃப். இரண்டுக்கும் ஆன்டெனாவின் அளவும் அமைப்பும் வேறு. போதாததற்கு, சில டவர்களுக்கு ஆன்டெனாக் கம்பிகள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், சிலவற்றுக்குச் செங்குத்தாக. பக்கத்து வீட்டுக் கூரையைப் பாருங்கள், அவர்கள் எந்தத் திசையில் எப்படி வைத்திருக்கிறார்களோ அதுவே நல்ல வழிகாட்டி. மைஸ்விட்ச் என்ற அரசுத் தளத்தில் முகவரியைப் போட்டால் எந்த டவர், எந்தத் திசை என்று காட்டும். பழைய செட்டாப் பாக்ஸ் வைத்திருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எச்டி சேனல்கள் பல எம்பெக்-4 முறையில் வருகின்றன, அதைப் புரிந்துகொள்ளாத பழைய பெட்டியில் சேனல் பெயர் தெரியும், படம் வராது.

கோல்ட் கோஸ்டில் ஒரே சேனல் இரண்டு தடவை வருகிறதே?

பிரிஸ்பேன் டவரும் எட்டுகிறது, ரீஜனல் டவரும் எட்டுகிறது, அவ்வளவுதான். சிட்னிக்கும் நியூகாசிலுக்கும் நடுவில் இருக்கும் சென்ட்ரல் கோஸ்டிலும் இப்படித்தான். எண் மோதும் சேனல்களை டிவி 350க்கு மேலே தள்ளிவிடும், அங்கே தேடுங்கள்.

எங்கள் பண்ணை வீட்டுக்கு எந்த டவரும் எட்டவில்லை. என்ன வழி?

வாஸ்ட். இது அரசு நிதியுதவியோடு நடக்கும் இலவச சாட்டிலைட் சேவை, 2010ல் தொடங்கியது. ஏபிசி, எஸ்பிஎஸ்சோடு தனியார் நெட்வொர்க் சேனல்களும் வரும், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் டிஷ்ஷும் வாஸ்டுக்கென்றே இருக்கும் பெட்டியும் நீங்கள்தான் வாங்க வேண்டும், ஸ்மார்ட் கார்டுக்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். தரை ஒளிபரப்பு சரியாக எட்டும் முகவரிக்கு அனுமதி தர மாட்டார்கள். உள்ளூர் நிலையத்தின் விளம்பர வருமானத்தைப் பாதுகாக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு. கேரவனில் நாடு சுற்றுகிறவர்களுக்குத் தற்காலிக அனுமதி உண்டு.

முன்பு பல சின்ன ஊர்களில் ஊராட்சிக் கவுன்சிலே மலைமேல் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்து ஊருக்கு டிவி கொடுத்துவந்தது. 2013 டிசம்பரில் அனலாக் முழுதாக முடிவதற்குள் அவற்றில் பலவற்றை டிஜிட்டலுக்கு மாற்றாமல் வீடுகளுக்கு மானியம் கொடுத்து வாஸ்டுக்கு மாற்றினார்கள்.

எல்லாம் ஆப்பில் வருகிறதே, ஆன்டெனா இன்னும் எதற்கு?

நல்ல என்பிஎன் (தேசிய பிராட்பேண்ட் நெட்வொர்க்) இணைய இணைப்பு இருக்கும் வீட்டுக்கு இந்தக் கேள்வி சரி. ஏபிசியின் ஐவியூ, எஸ்பிஎஸ் ஆன் டிமாண்ட், 7பிளஸ், 9நவ், 10 எல்லாவற்றையும் பணம் கட்டாமல் பார்க்கலாம். கணக்கு தொடங்கும்போது அஞ்சல் குறியீட்டைச் சரியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஊர் ஒளிபரப்பு வரலாம். 2026 ஜனவரி 10 முதல் தயாரித்து விற்பனைக்கு வரும் புது ஸ்மார்ட் டிவிகளில் இந்த இலவச ஆப்களை முகப்பிலேயே வைக்க வேண்டும் என்று சட்டமும் வந்திருக்கிறது.

ஆனால் மில்டூராவில் டென் போனபோதும் ரிவர்லாந்தில் செவன் போனபோதும் மக்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்: ஆப்பில் பாருங்கள். எழுபத்தெட்டு வயதில் தனியாக இருப்பவரிடம், வீட்டில் இணையமே வைத்துக்கொள்ளாதவரிடம், சாட்டிலைட் இணைப்பில் மாத டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவரிடம் இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. ஆன்டெனா டிவிக்கு மாதக் கட்டணம் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை. வெள்ளத்தில் மொபைல் டவர் செயலிழந்தாலும் மலைமேல் இருக்கும் டிவி டவர் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருக்கலாம். இலவச ஒளிபரப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு இணையக் கட்டணத்தை மக்கள் தலையில் கட்டுவது ரீஜனல் ஊர்களுக்கு மட்டும் நடக்கிறது. உங்கள் ஊரில் சேனல் நின்றால் பேசாமல் இருக்காதீர்கள், உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்கும் ஏசிஎம்ஏவுக்கும் எழுதுங்கள்.

கிரிக்கெட் பார்க்க முடியுமா?

உள்நாட்டில் நடக்கும் டெஸ்ட் ஆட்டங்களும் பிக் பாஷ் ஆட்டங்களில் பெரும்பாலானவையும் செவனில், 2030-31 சீசன் வரை. பாக்ஸிங் டே டெஸ்டும் அதில் அடக்கம். செவன் வரும் ஊரில் ஆன்டெனாவிலேயே பார்க்கலாம், 7பிளஸ்ஸிலும் வருகிறது. ஆண்கள் ஒருநாள், டி20 சர்வதேச ஆட்டங்கள் 2018லிருந்து ஃபாக்ஸ்டெல், காயோ கட்டணச் சேவைகளில் மட்டும்தான், அதில் நகரம் கிராமம் என்ற பேதம் இல்லை.

தமிழில் ஏதாவது வருமா?

ஆன்டெனா டிவியிலேயே எஸ்பிஎஸ் வானொலி கேட்கலாம், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. எஸ்பிஎஸ் வானொலியின் எஃப்எம் அலைவரிசை எட்டாத ரீஜனல் ஊர்களுக்கு இது பெரிய வசதி. டிவியில் 305ஐ அழுத்தினால் எஸ்பிஎஸ் சவுத் ஏஷியன் வரும், எஸ்பிஎஸ் தமிழ் நிகழ்ச்சி அதில் ஒலிபரப்பாகிறது. நேரத்தை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு அந்த எண்ணைச் சொல்லிக்கொடுங்கள், ஆப் எதுவும் தேவையில்லை.